மாத்திரை வந்த வாசல்

தூத்துக்குடி தெரேஸ்புரத்தில் சங்கு குளிக்கும் ஒருவர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. விடியும் முன் கடலுக்குப் போனால், கரை திரும்பப் பிற்பகல் ஆகிவிடும். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் பக்கத்தில்தான், மாத்திரையும் இலவசம்தான். ஆனால், காலையில் போய் வரிசையில் நின்றால் அன்றைய வருமானம் போச்சு.

'உடம்பு நல்லாத்தானே இருக்கு' என்று ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டார். ஒருநாள் படகிலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். தண்ணீருக்குள் இருக்கும்போது அப்படி ஆகியிருந்தால்?

நகரங்களில் சுமார் 50,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்பது கணக்கு. கிராமம் என்றால் 30,000; அதற்குக் கீழே 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். கட்டடம் பக்கத்தில் இருந்தாலும், வேலை நேரம் ஒத்துவராதவர்களுக்கு அது தூரம்தான். அந்தத் தூரத்தைக் குறைக்கத்தான் 2021 ஆகஸ்ட் 5-ல் தமிழக அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது. அந்தந்தப் பகுதிப் பெண் தன்னார்வலர்களே வீடு தேடி வந்து ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்கிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள்.

இப்போது அவர் வீட்டு வாசலிலும் அந்தக் குரல் கேட்கிறது. "என்ன மாமா, மாத்திரைய ஒழுங்கா போடுதியளா?"

அவர் தலையாட்டுவதற்குள் மனைவி அட்டையை எடுத்து நீட்டுகிறார். இரண்டு மாத்திரை மீதம்.

"ரெண்டு நாள் மறந்துட்டாவ தாயி. நல்லா கேளு!"