கிரிவலம்: 14 கிலோமீட்டர் பிரகாரம்

கோயிலில் பிரகாரம் சுற்றுவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். உள்ளே கருவறை, அதைச் சுற்றி மூன்று சுற்று, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். திருவண்ணாமலையில் அதே சுற்றுக்கு நான்கைந்து மணி நேரம் ஆகிறது. காரணம், அங்கே மலையே லிங்கம். பிரகாரத்தின் நீளம் 14 கிலோமீட்டர்!

கதை பலருக்கும் தெரிந்திருக்கும். பிரம்மாவுக்கும் விஷ்ணுவுக்கும் யார் பெரியவர் என்று சண்டை. நடுவில் சிவன் அடிமுடி காண முடியாத நெருப்புத் தூணாக நின்றார். அந்த நெருப்பு குளிர்ந்து மலையானது என்பது நம்பிக்கை. பஞ்சபூதத் தலங்களில் இது அக்னித் தலமானதும், கார்த்திகை தீபம் மலை உச்சியில் ஏற்றப்படுவதும் இதனால்தான்.

சுற்றும் வழியில் எட்டு திசைக்கு எட்டு லிங்கம். இந்திர லிங்கம், அக்னி லிங்கம், எம லிங்கம், நிருதி லிங்கம், வருண லிங்கம், வாயு லிங்கம், குபேர லிங்கம், கடைசியாக ஈசான்ய லிங்கம். ஊரை விட்டு வெளியே வந்தால் சேஷாத்ரி ஆசிரமமும் ரமணாசிரமமும் வரும். செங்கம் சாலையிலிருந்து வலது பக்கம் திரும்பிய பிறகுதான் மரங்களும் கொஞ்சம் அமைதியும். மறுபக்கத்தில் ஆதி அண்ணாமலையார் கோயில். நடக்க நடக்க மலையின் உருவம் மாறிக்கொண்டே வரும். ஒரு இடத்தில் ஒரே சிகரமாகத் தெரிவது, குபேர லிங்கம் தாண்டியதும் ஐந்து முகமாகத் தெரியும். அதற்குப் பெயர் பஞ்சமுக தரிசனம்.

நடப்பதற்கும் முறை இருக்கிறது. செருப்பு கூடாது. நிறைமாதக் கர்ப்பிணியான அரசி நடப்பது போல மெதுவாக நடக்க வேண்டும் என்பார்கள். மலையை ஒட்டிய வலது ஓரம் சித்தர்களுக்கும் தேவர்களுக்கும். மனிதர்கள் இடது ஓரமாகப் போக வேண்டும். பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கில் கூட்டம் வரும்போது எந்த ஓரமும் மிஞ்சாது என்பது வேறு விஷயம்.

கிரிவலத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இந்த மலையைப் பார்க்க டிக்கெட் கிடையாது. சிறப்பு தரிசன வரிசை கிடையாது. காரில் வந்திறங்கிய முதலாளிக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கூலித் தொழிலாளிக்கும் ஒரே தூரம், ஒரே கல், ஒரே கால்வலி. எத்தனை பணம் கொடுத்தாலும் வேறொருவர் நடந்து அந்த வலியை வாங்கிக்கொள்ள முடியாது. ஆனாலும் எட்டு லிங்கங்களில் குபேர லிங்கத்தின் முன்னால் நெரிசல் அதிகம். எம லிங்கத்தில் அவ்வளவு நேரம் யாரும் நிற்பதில்லை. மனுஷ மனசு அப்படித்தான்!

சரி, சுற்றுகிறவர்கள் இத்தனை பேர். சுற்றப்படுகிற மலை எப்படி இருக்கிறது?

2016-ல் கிரிவலப் பாதையை அகலப்படுத்த மரங்களை வெட்ட ஆரம்பித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது. விஷயம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. நடக்க வருபவர்களுக்கு வசதி வேண்டும் என்பது ஒரு பக்கம். அவர்கள் நடக்க வருவதே அந்த மலைக்காகத்தானே என்பது இன்னொரு பக்கம். இரண்டுமே நியாயம்தான், அதனால்தான் சிக்கல்.

2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு இடிந்தது. அடிவாரத்தில் வ.உ.சி. நகரில் பாறையும் மண்ணும் ஒரு வீட்டின் மேல் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். அந்த ஆண்டு தீபத்துக்குப் பொதுமக்கள் மலை ஏற அனுமதி இல்லை. தீபம் மட்டும் வழக்கம்போல உச்சியில் எரிந்தது.

இதைச் சாமி கோபம் என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். செத்துப்போன குழந்தைகள் மேல் சாமிக்கு என்ன கோபம் இருக்க முடியும்? மலை என்றால் சரிவு உண்டு, பெருமழையில் மண் இளகும், பாறை உருளும். சரிவுக்குக் கீழே வீடு கட்டிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் வேறு இடம் வாங்க வசதி இல்லாதவர்கள். மலையை லிங்கம் என்று கும்பிடுகிற ஊரில், அதை மலை என்றும் ஞாபகம் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் அந்தப் பாதையைப் பார்த்தால் அன்னதானத் தட்டு, பிளாஸ்டிக் தம்ளர், தண்ணீர் பாட்டில். இரவு பசியோடு நடந்தவர்களுக்குச் சோறு போட்டது பெரிய புண்ணியம், சந்தேகமே இல்லை. சாப்பிட்டவர் தட்டை எங்கே போட்டார் என்பதுதான் கேள்வி. கருவறைக்குள் யாராவது எச்சில் தட்டை வீசுவார்களா? மாட்டார்கள். மலைதான் லிங்கம் என்றால், 14 கிலோமீட்டரும் கருவறையைச் சுற்றிய பிரகாரம்தான்.

அதை உண்மையிலேயே நம்புகிறவர், காலி பாட்டிலைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஈசான்ய லிங்கம் வரை நடந்துவிடுவார். அதற்கும் டிக்கெட் கிடையாது.