பணம் இல்லை, ஆள் உண்டு

படுக்கையில் விழுந்த முதியவருக்கு ஜப்பான் அரசு ரொக்கம் தருவதில்லை, ஆள் அனுப்புகிறது. 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த முதியோர் பராமரிப்புக் காப்பீட்டின் அடித்தளம் இதுதான். 1995இலேயே இப்படியொரு காப்பீட்டைத் தொடங்கிய ஜெர்மனியில் குடும்பம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். ரொக்கம் என்றால் தொகை பாதிக்கும் குறைவு: 2025இல் பராமரிப்புத் தேவையின் மூன்றாம் நிலைக்குச் சேவையாக மாதம் 1,497 யூரோ, கையில் 599. அப்படியும் பெரும்பாலோர் ரொக்கத்தையே வாங்குகிறார்கள்.

ஜப்பானில் ரொக்கம் கூடாது என்று உரக்கச் சொன்னவர்கள், ஹிகுச்சி கெய்கோ போன்ற பெண்ணியச் செயற்பாட்டாளர்கள். பணம் குடும்பத்துக்கு வரும், மாமியாருக்குப் பீத்துணி மாற்றும் வேலை மட்டும் மருமகள் தலையிலேயே நிற்கும் என்பது அவர்கள் அச்சம். அது வீண் பயமல்ல.

ஆள் அனுப்புவது என்று முடிவானதும், எந்த ஆள், எவ்வளவு நேரம், எதற்கு என்ற கேள்விகள் வந்துவிடுகின்றன. அவற்றைத் தீர்த்துத் திட்டம் எழுதுபவர் கேர் மேனேஜர். ஏழு நிலைகளில் முதியவர் எந்த நிலை என்பதைப் பொறுத்து மாத வரம்பு யூனிட்டுகளில் வரும். கடைசி நிலைக்கு 36,217. ஒரு யூனிட் ஏறக்குறைய 10 யென். அதற்குள் குளியல், பகல்நேர மையம், வாடகைக் கட்டில் எல்லாவற்றையும் வார அட்டவணையில் அடுக்க வேண்டும். செலவில் பத்தில் ஒரு பங்கு முதியவருடையது. வசதியுள்ளவருக்கு இரண்டு, மூன்று பங்கு.

தொழிலின் நுணுக்கம் தெரிவது சமையலறையில். வீட்டுக்கு வரும் பணியாளரான ஹெல்பர் தனியாகச் சமைத்துவிட்டுப் போனால் அது ‘வாழ்க்கை உதவி’: 45 நிமிடத்துக்கு மேல் 220 யூனிட். அதே சமையலை, முதியவர் தாமே காய் நறுக்க, கத்தி வழுக்குமோ என்று பக்கத்தில் நின்று பார்த்தபடி சேர்ந்து செய்தால், திட்டத்தில் அப்படி எழுதப்பட்டிருக்கும் பட்சத்தில், அது ‘உடல் பராமரிப்பு’: அரை மணிக்கு மேல் ஒரு மணிக்குள் 387. கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்குக் கூடுதல் கூலியா என்று கேட்பவர்கள், அப்படி நின்று பார்த்ததில்லை. ஐந்து நிமிடத்தில் நாமே நறுக்கித் தள்ளிவிடத் துடிக்கும் கையை அடக்குவதுதான் இந்த வேலையில் கடினமானது. குடும்பத்தாரிடம் ரொக்கத்தைக் கொடுத்துவிட்டு இந்த வித்தியாசத்தை வாங்க முடியாது.

எந்த வேலைக்கு ஆள் என்று வரையறுக்கும் இதே கணக்கிலிருந்துதான் இடைஞ்சலும் வருகிறது. ஹெல்பர் தோட்டத்தில் களை பிடுங்கக் கூடாது; நாயை நடக்க அழைத்துப் போகக் கூடாது; அம்மாவின் துணியோடு மகன் சட்டையையும் துவைக்கக் கூடாது. பொதுப்பணம் என்பதால் நியாயம்தான். ஆனாலும், நாய் வாசலில் காத்திருக்கும்போது விதியை விளக்க வேண்டியவர் அதிகாரி அல்ல, ஹெல்பர்.

இதைவிடப் பெரிய சிக்கல், அனுப்ப ஆளே கிடைக்காதது. ரொக்கமாக இருந்தால் பக்கத்து வீட்டு அம்மாவிடமாவது கொடுத்து ஒத்தாசை கேட்கலாம்; பயன்படாத யூனிட் அடுத்த மாதத்துக்கு வராது. மலைக் கிராமங்களில் ஹெல்பர் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குக் காரோட்டும் நேரத்துக்குத் தனிக் கட்டணமும் இல்லை. இந்த நிலையில் 2024 ஏப்ரலில் வீட்டுப் பராமரிப்பின் அடிப்படைக் கட்டணத்தை அரசு குறைத்தது: அரை மணிக்குட்பட்ட உடல் பராமரிப்பு 250 யூனிட்டிலிருந்து 244 ஆனது. மறு ஆண்டு ஏப்ரலில், பயிற்சி பெற்ற வெளிநாட்டுப் பணியாளர்களும் வீடுகளுக்குப் போக அனுமதி வந்தது. தொடக்கத்தில் சில காலம் அனுபவமுள்ள ஒருவர் கூடப் போக வேண்டும்.