அப்பாவின் மேசை அப்படியே இருக்கட்டும்

கணினியில் இடம் தீர்ந்துவிட்டால் எல்லா வீட்டிலும் கிடைக்கும் ஆலோசனை ஒன்றுதான். "படங்களை எல்லாம் வெளியே எடுத்து வச்சிட்டு, விண்டோஸை புதுசா போட்டுடு." எங்கள் வீட்டிலும் தம்பி அதைத்தான் சொன்னான். அப்பாவின் மடிக்கணினிக்கு அது ஏன் ஒத்துவராது என்று அவனுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

அப்பா ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர். அவர் முதன்முதலில் பாடம் நடத்திய பள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தது. இன்று அங்கே தோட்டமும் இல்லை, லயன் வீடுகளும் இல்லை, தாமான் எழும்பிவிட்டது. அங்கே படித்த பிள்ளைகள் யார், எந்த லயத்துக் குடும்பம், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று இருபத்தைந்து ஆண்டுகளாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறார். பழைய தோட்டத்து ஆள் ஒருவர் இறந்தால் அப்பாவுக்குத்தான் முதல் அழைப்பு வரும். பட்டியலைத் திறந்து, யாருக்கெல்லாம் தகவல் போக வேண்டும் என்று பார்த்து, ஒவ்வொருவராக அழைப்பார்.

256 ஜிபி வட்டில் 3 ஜிபிகூட மிச்சமில்லாத நிலையில், ஒரு நாள் அந்தப் பட்டியலையே சேமிக்க முடியாமல் போனது. இடத்தை அடைத்திருந்தவை ஸ்கேன் செய்த வருகைப் பதிவேடுகளும் வகுப்புப் படங்களும்தான்.

"கொஞ்சத்தை அழிச்சிடலாமாப்பா?"

"அழிச்சிட்டா அந்தப் பிள்ளைங்க எங்கேம்மா போவாங்க?"

அந்தப் 'பிள்ளை'களில் பாதிப் பேர் இப்போது தாத்தா பாட்டிகள். ஆனாலும் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

சரி, புதிதாக விண்டோஸ் போட்டுவிட்டு இந்தக் கோப்புகளைத் திரும்ப வைத்தால் என்ன? சிக்கல் எழுத்துருவில் இருந்தது. அப்பா தமிழ்த் தட்டச்சு பழகியது முரசு அஞ்சலில். நம் நாட்டு முத்து நெடுமாறன் 1980களில் உருவாக்கியது அது. அந்தக் காலத்தில் யூனிகோடு நம் வீடுகளுக்கு வரவில்லை. விண்டோஸில் தமிழ் யூனிகோடுக்கு வழி பிறந்ததே விண்டோஸ் 2000இல்தான். அதற்கு முந்தைய எழுத்துருக்கள், ஐரோப்பிய எழுத்துகளுக்கான இடத்தில் தமிழை உட்கார வைத்திருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால், முனியம்மாவும் ஆறுமுகமும் தலையில் கொம்பும் புள்ளியும் முளைத்த ஆங்கில எழுத்துகளாகத் தெரிவார்கள். எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றத்தான் வேண்டும். ஆனால் மாற்றியபின் ஒவ்வொரு பெயரையும் அப்பா உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். அது மாதக்கணக்கான வேலை. அதுவரை இந்தக் கணினி, எழுத்துரு, விசைப்பலகை, குறுக்குவழி எல்லாம் இருந்தது இருந்தபடி இருக்க வேண்டும்.

அதனால் வட்டை மட்டும் பெரிதாக்கி, உள்ளே இருப்பதை அப்படியே இடம்பெயர்ப்பது என்று முடிவு செய்தேன். குளோன் செய்வது என்கிறார்கள். சி டிரைவில் உள்ளதை எல்லாம் தேர்ந்தெடுத்து இழுத்துப் போட்டால் இது நடக்காது. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது பல கோப்புகள் பூட்டியிருக்கும். கணினியைத் துவக்கிவைக்கும் பகுதியோ கண்ணுக்கே தெரியாத தனிப் பகிர்வில் ஒளிந்திருக்கும். ஆகவே வேறொரு மென்பொருளால் கணினியைத் துவக்கி, விண்டோஸ் உறங்கும்போது முழு வட்டையும் நகலெடுக்க வேண்டும். நான் பயன்படுத்தியது குளோன்சில்லா என்ற இலவச மென்பொருள். பார்க்க அழகாக இருக்காது. வேலை செய்யும்.

லோ யாட் பிளாசாவில் 1 டிபி எஸ்எஸ்டி ஒன்றையும், அதைப் பொருத்தி யுஎஸ்பி வழியாக இணைக்கும் சிறு பெட்டி ஒன்றையும் வாங்கினேன். கடைக்காரப் பையன் முதலில் மடிக்கணினியின் மாடலைக் கேட்டான். அது நல்ல கேள்வி. எம்.2 வட்டுகளில் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை உண்டு. பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒன்றுக்கான இடத்தில் மற்றது வேலை செய்யாமல் போகலாம்.

தொடங்கும் முன் பட்டியலையும் ஸ்கேன்களையும் தனியாக ஒரு வெளிவட்டில் நகலெடுத்தேன். அதன் பிறகு வந்தது பிட்லாக்கர். பல விண்டோஸ் 11 மடிக்கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்த உடனேயே வட்டு தானாகப் பூட்டப்பட்டுவிடும். உரிமையாளருக்கே அது தெரியாது. பிறகு ஏதாவது மாற்றம் செய்தால், ஒரு நீலத் திரை வந்து 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது இல்லாவிட்டால் உள்ளே இருப்பது உங்களுக்கும் கிடையாது. அப்பாவின் சாவி, கணக்கைத் தொடங்கிக் கொடுத்த தம்பியின் மின்னஞ்சலில் கிடந்தது. அதுவரை என்னோடு வாதாடிக்கொண்டிருந்தவன் அன்றிலிருந்து கூட்டாளி ஆனான். சாவியை அச்சடித்தோம்; அம்மா அதை வீட்டுப் பத்திரங்களோடு வைத்தார். பிறகு அந்தப் பூட்டை முழுமையாக நீக்கிவிட்டுத்தான் நகலெடுத்தோம்.

எது மூலம், எது இலக்கு என்று குளோன்சில்லா கேட்கும் இடத்தில் மட்டும் அவசரமே கூடாது. மாற்றிச் சொன்னால் காலி வட்டு, நிறைந்த வட்டின் மேல் ஏறிவிடும். அளவையும் மாடல் எண்ணையும் தம்பி வாசிக்க, நான் சரிபார்த்தேன். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. இரண்டு வட்டையும் இணைத்தபடியே துவக்கக் கூடாது. இரண்டுக்கும் ஒரே அடையாளம் என்பதால் விண்டோஸ் குழம்பும். பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினோம்.

துவங்கியது. ஆனால் சி டிரைவ் அதே 256 ஜிபி வட்டின் அளவிலேயே நின்றது! மிச்சமெல்லாம் யாருக்கும் ஒதுக்கப்படாத நிலமாகக் கிடந்தது. விரிவாக்கலாம் என்றால் அந்தப் பொத்தான் மங்கிக் கிடந்தது. சி டிரைவுக்கும் காலி இடத்துக்கும் நடுவே, மீட்புப் பகிர்வு ஒன்று வேலி போல நின்றதுதான் காரணம். பலர் இந்த இடத்தில்தான் 'குளோன் சரியில்லை' என்று கைவிடுகிறார்கள். ஜிபார்ட்டட் என்ற மற்றோர் இலவச மென்பொருளால் அந்த வேலியைக் கடைசிக்கு நகர்த்தியதும் வழி திறந்தது. 1 டிபி என்று வாங்கியது 931 ஜிபி என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024ஆக எண்ணுகிறது.

கணினி அதேதான் என்பதால் விண்டோஸ் உரிமம் பற்றி எதுவும் கேட்கவில்லை. அப்பா உட்கார்ந்தார். பட்டியலைத் திறந்தார். முனியம்மா முனியம்மாவாகவே இருந்தார்.

வானொலியில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பழைய ஒலிநாடாவைக் கணினிக்கு மாற்றினால், நகலை முழுதாகக் கேட்டு முடிக்கும்வரை நாடாவைத் தொடமாட்டோம். பழைய வட்டையும் அப்படித்தான், தேதி எழுதிய உறையில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். மூன்று மாதம் அங்கேயே இருக்கும். விற்கலாமே என்று தம்பி கேட்டான். விலைக்குப் போகாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அடுத்த நாள் காலை, பசியாறும்போது அப்பா கேட்டார். "நிறைய இடம் இருக்குன்னு சொன்னியே. அவங்க குரலையும் பதிவு பண்ணி வைக்கலாமாம்மா?"

ஒலிவாங்கியோடு இந்த ஞாயிறு பந்திங்குக்குப் போகிறோம். 1978ஆம் ஆண்டு ஆறாம் வகுப்பு. பட்டியலில் முதல் பெயர்.