பெயரளவில் நடமாடும் வீடு

ரொறன்ரோவின் பனிக்காலத்துக்கு அஞ்சி, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஒதுங்குமிடந் தேடிய ஓய்வுபெற்ற தம்பதியருடன் யாமும் சென்றிருந்தோம். தொழிற்சாலையிற் செய்து, சக்கரத்தின்மேல் இழுத்துவந்து நிறுத்திய வீடுகள், தோடை மரங்கள், நீச்சற் குளம். அம்மையார் மனத்தைப் பறிகொடுத்துவிட்டார்.

விசாரித்தபோதுதான் விளங்கிற்று: வீடு நமது, நிலம் பிறருடையது. நிலவாடகை உயரலாம். உயர்ந்தால் வீட்டை இழுத்துக்கொண்டு போகலாமே என்பீர்கள். பெயர்தான் நடமாடும் வீடு! ஒருமுறை பொருத்தியபின் பெயர்ப்பதற்குப் பெருஞ்செலவாகும். பழைய வீட்டை வேறிடத்தார் ஏற்பதும் அரிது.

சூறாவளிப் பருவமோ யூன் முதல் நவம்பர் வரை. பெரும்பாலும் நம்மவர் அங்கில்லாத காலம். 1992இல் அன்ட்ரூ சூறாவளி இத்தகைய வீடுகளை ஆயிரக்கணக்கிற் சிதைத்தது. அதன்பின், 1994இல், கட்டுமான விதிகள் இறுக்கப்பட்டன.

"இவ்வீடு எந்த ஆண்டினது?" என்றார் நண்பர்.

"1981."

அம்மையார் நீச்சற் குளத்தை மறுமுறை பார்க்கவில்லை.