மடியில் ஏறாத பிள்ளை

சென்ற நோன்புப் பெருநாளுக்கு, வெளிநாட்டில் வளரும் எங்கள் மூன்று வயதுப் பேத்தி முதன்முறையாகக் காமயகவுண்டன்பட்டி வீட்டுக்கு வந்தாள். ஆளுக்கொரு பக்கம் கை நீட்டினோம். அவளோ தாயின் முந்தானையில் முகம் புதைத்து அழுதாள். "பிள்ளைக்கு மனுச வாடையே பழகலையே" என்று நாங்கள் சொன்ன சொல், அன்றிரவு எங்கள் மருமகளைக் கண்ணீர்விட வைத்தது.

சில நாள்களில், உள்ளூர்ப் பேரனைப் பற்றி மழலையர் பள்ளியில் குறை கூறினர். யார் மடியிலும் அமர்கிறான்; "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால் மட்டும் வாய் திறப்பதில்லையாம்.

இரு குறைகளையும் அருகருகே வைத்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது. திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த இவ்வூரில் பிள்ளை நன்னிமா, மாமி, அண்டை வீட்டார் எனப் பல கைகளில் வளர்கிறது. பசி என்று சொல்லுமுன் சோறு வந்துவிடுகிறது. கேட்டுப் பழகாத பிள்ளை எப்படிக் கேட்கும்? பெற்றோரை மட்டுமே கண்டு வளர்ந்த பிள்ளை, ஒரே நாளில் இருபது கைகளை எப்படி நம்பும்?

தாய்–சேய் பிணைப்பை ஆராய்ந்த மேரி ஐன்ஸ்வொர்த், 1950களில் உகாண்டா கிராமங்களில் தம் பணியைத் தொடங்கினார். பின்னர் அமெரிக்காவில், தாய் சற்றுநேரம் பிரிந்து திரும்பும்போது குழந்தை நடந்துகொள்ளும் விதத்தைக் கவனிக்கும் சோதனையை வகுத்தார். அதையே ஜெர்மனியின் ஒரு நகரில் நடத்தியபோது, திரும்பிய தாயைக் கண்டுகொள்ளாத குழந்தைகள் பலர் இருந்தனர். ஜப்பானிலோ தேற்ற இயலாமல் அழுதோர் மிகுந்திருந்தனர். எட்டு நாடுகளின் 32 ஆய்வுகளைத் தொகுத்து 1988இல் வெளிவந்த கட்டுரை, நாடுகளுக்கிடையே உள்ள வேறுபாட்டைவிட ஒரே நாட்டுக்குள் காணும் வேறுபாடே பெரிது என்றது. எங்கள் ஒரே வீட்டிலேயே அதைக் கண்டோம்.

நபி (ஸல்) அவர்கள் பேரர் ஹஸன் (ரலி) அவர்களை முத்தமிட்டபோது, தமீம் குலத்து அக்ரஉ பின் ஹாபிஸ் (ரலி), தமக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் எவரையும் முத்தமிட்டதில்லை என்றார். இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் காட்டப்படாது என்பதே அவருக்குக் கிடைத்த பதில் (புகாரீ, முஸ்லிம்). குலத்துக்குக் குலம் வழக்கம் மாறலாம். அளவுகோல் இரக்கம் ஒன்றே. பிள்ளையை விரும்பாத மடிக்கு இழுப்பதும், அதன் தாயைச் சொல்லால் சுடுவதும் அந்த அளவுகோலில் தேறுமா?

மருமகளிடம் மன்னிப்புக் கேட்டோம். இப்போது கைப்பேசியில் பேத்திக்கு ஸலாம் சொல்லிவிட்டு, அவளாகப் பேசும்வரை காத்திருக்கிறோம். பேரனிடம் "இட்லியா, தோசையா?" என்று கேட்டு, அவன் சொல்லும்வரை தட்டில் எதையும் வைப்பதில்லை.

அல்லாஹ் நம் சந்ததியரை நமக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்குவானாக! ஆமீன்.