தமிழ் தெரியாத தமிழ்ப்பட டைரக்டர்

ஆரணிக்காரர்களுக்கு ஒரு பழைய ஆதங்கம் உண்டு. ஆரணித் தறியில் நெய்த சேலை, வெளியூர்க் கடை ஷோகேஸுக்குப் போனதும் சில சமயம் காஞ்சிப்பட்டு ஆகிவிடும்! சாயம் போட்டவர் ஒருவர், பாவு ஓட்டியவர் ஒருவர், ஜக்கார்டு அட்டை அடித்தவர் ஒருவர், தறியில் உட்கார்ந்தவர் ஒருவர். பெயர் மட்டும் வேறு ஊருக்கு.

சினிமாவிலும் இதே கதைதான். நூறு பேர் உழைப்பார்கள், டைரக்டர் பெயர் நிற்கும். அந்த டைரக்டர் வெளிநாட்டுக்காரர், நடிகர்கள் பேசும் மொழியே அவருக்குத் தெரியாது என்றால்?

அப்படி ஒருவர் இருந்தார். எல்லிஸ் ஆர். டங்கன். 1909-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தவர். லாஸ் ஏஞ்சல்ஸில் சினிமா படித்தபோது கூடப் படித்த மாணிக்லால் டாண்டனோடு 1935-ல் இந்தியா வந்தார். வந்தவர், 1950 வரை இங்கேயே இருந்துவிட்டார். டாண்டனுக்கு வந்த ஒரு பட வாய்ப்பு, டாண்டன் சொல்லி இவர் கைக்கு வந்தது. அதுதான் 1936-ல் வெளிவந்த 'சதி லீலாவதி'. எம்.ஜி.ஆர்., டி.எஸ்.பாலையா, எம்.கே.ராதா எல்லோருக்கும் அதுவே முதல் படம். கதை எஸ்.எஸ்.வாசனுடையது. ஒரே படத்தில் இத்தனை பேரா என்று ஆச்சரியமாக இருக்கிறது, இல்லையா?

சரி, மொழி தெரியாமல் எப்படி 'கட்' சொல்வது? கையில் வசனத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு, பக்கத்தில் தமிழ் தெரிந்த உதவியாளர்கள். உச்சரிப்பு சரியா, ஒரு சொல் விட்டுப்போயிற்றா என்பதைக் காதால் பார்த்துக்கொண்டது அவர்கள். முகம், வெளிச்சம், வேகம் இவற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டது டங்கன். நாடக மேடையைப் போல நேரே நின்று பாடிக்கொண்டிருந்த நடிகர்களைச் சுற்றி கேமரா நகர ஆரம்பித்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

1937-ல் வந்த 'அம்பிகாபதி'யைப் பாருங்கள். பாகவதரும் எம்.ஆர்.சந்தானலட்சுமியும் நடித்த காதல் கதை. டங்கன், ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்'டில் சில காட்சிகளைக் குறித்து வசனகர்த்தா இளங்கோவனிடம் கொடுத்தாராம். இளங்கோவன் அதை அப்படியே மொழிபெயர்த்துத் தள்ளியிருந்தால் படம் அன்றே மறந்துபோயிருக்கும். கம்பர் மகன் பேசக்கூடிய தமிழாக அதை மாற்றினார். யோசனை ஒருவருடையது, தமிழ் இன்னொருவருடையது. வெள்ளைக்காரர் வந்துதான் நமக்குச் சினிமா கற்றுக்கொடுத்தார் என்று சொல்வது இளங்கோவனுக்குச் செய்யும் அநியாயம். மொழியே தெரியாதவர் என்ன பெரிதாகச் செய்திருப்பார் என்று கேட்பதும் அநியாயமே.

அதற்கு 'மீரா' சாட்சி (தமிழில் 1945, இந்தியில் 1947). எம்.எஸ்.சுப்புலட்சுமியின் தலையைச் சிலையாகச் செய்துவைத்து, எந்தக் கோணத்தில் எந்த வெளிச்சம் விழுந்தால் முகம் எப்படி இருக்கும் என்று டங்கனும் ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியும் முன்கூட்டியே சோதித்துப் பார்த்தார்கள். இந்த வேலைக்குத் தமிழ் எதற்கு?

(நம் காலத்திலும் இது நடந்தது. 2015-ல் கான் விழாவில் தங்கப்பனை வென்ற 'தீபன்' பெரும்பாலும் தமிழ் பேசும் படம். இயக்கியவர் பிரெஞ்சுக்காரரான ஜாக் ஓதியார், நாயகன் நம் எழுத்தாளர் ஷோபாசக்தி.)

வேடிக்கை என்னவென்றால், 1950-ல் டங்கன் கைக்கு வந்தது 'மந்திரி குமாரி'. கலைஞரின் வசனத்துக்காகவே இன்றும் பேசப்படும் படம்! அதை முடிக்கும் முன்பே அவர் அமெரிக்கா கிளம்பிவிட்டார். மிச்சத்தை எடுத்து முடித்தவர் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் முதலாளி டி.ஆர்.சுந்தரம். டைட்டிலில் இயக்குநர்களாக இரண்டு பேர் பெயரும் உண்டு.

டங்கன் 2001-ல் காலமானார். அவர் பெயர் பழைய பட ரசிகர்கள் எல்லோருக்கும் தெரியும். செட்டில் அவர் காதோரம் நின்று, "சார், அந்த வார்த்தை தப்பு, இன்னொரு டேக் போகலாம்" என்று சொல்லியிருக்கக்கூடியவர்களின் பெயரைக் கேட்டுப் பாருங்கள், பெரிய ரசிகர்களே தலையைச் சொறிவார்கள்.