வலைஞர் முழங்கை

மட்டக்களப்பு வாவியை அண்டிய அமிர்தகழி, மாமாங்கேஸ்வரர் ஆலயத்தாலும் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தாலும் பேர்பெற்ற ஊர். தீர்த்தத் திருநாளில் அங்கு கூடும் பெருந்திரளை அறியாதார் இலர். ஏனைய நாட்களில் விடியுமுன் வாவியில் இறங்கி வலை வீசுவோரை அறிந்தோரோ சிலரே. அச்சிலருக்குத் தெரிந்த வீச்சுவலைத் தொழிலாளி ஒருவர், நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர். ஒருநாள் காலை, தேநீர்க் கோப்பையைத் தூக்க முயன்றபோது அவரது வலது முழங்கையில் சுரீரென்று வலி பாய்ந்தது. கோப்பை கைநழுவி வீழ்ந்தது.

வீட்டார் அதனை வாதம் என்றனர். எண்ணெய் தடவிச் சில நாட்கள் கழிந்தன, வலி தணியவில்லை. ஈற்றில் அவர் நகரத்து வைத்தியசாலையை நாடினார். முழங்கையின் வெளிப்புற எலும்பு முனையை வைத்தியர் அழுத்தியதும் முகம் சுளித்தார். மணிக்கட்டை எதிர்ப்புக்கு மாறாக மேலே உயர்த்துமாறு கூறியபோது அவரால் இயலவில்லை. நோயின் பெயர் ‘டென்னிஸ் முழங்கை’ என்று அறிந்ததும், இயன்மருத்துவப் பகுதியிலிருந்த இளம் பெண்ணிடம், “நான் அந்த மட்டையைக் கண்ணாலயும் கண்டதில்ல, பிள்ளை” என்றார்.

அவர் கூற்றில் நியாயமுண்டு. 1873ஆம் ஆண்டில் ரூங்கே என்னும் ஜெர்மானிய மருத்துவர் இந்நோயை எழுதுவோரின் உபாதையாகவே முதலில் விவரித்தார். புற்றரை டென்னிஸ் ஆங்கிலேய மேற்குடியினரிடையே பரவிய 1880களிலேதான் அவ்விளையாட்டின் பெயர் இதனோடு ஒட்டிக்கொண்டது. தச்சர், மேசன், சமையலாளர் என இதனால் துன்புறுவோரிற் பெரும்பாலோர் விளையாட்டு மைதானத்தைச் சாராதவர். நோய்க்குப் பெயரிடும் உரிமைகூட ஓய்வுள்ள வர்க்கத்திடமே இருந்தது போலும்!

மணிக்கட்டைப் பின்னோக்கி உயர்த்தும் தசைகள் முழங்கையின் வெளிப்புற எலும்பில் ஒரு தசைநாணால் பிணைக்கப்பட்டுள்ளன. எதையேனும் இறுகப் பற்றுந்தோறும் மணிக்கட்டை நிலைநிறுத்துவன அவையே. ஈயக்குண்டுகள் கோத்த நனைந்த வலையைப் புறங்கை மேல்நோக்கியிருக்க நாளெல்லாம் இழுப்பவரின் தசைநாண், தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வேகத்தினும் விரைவாகத் தேய்கின்றது.

இதே நோய் 2004ஆம் ஆண்டில் கிரிக்கெட் வீரர் சச்சின் டெண்டுல்கரையும் பீடித்தது. 2005இல் அவர் லண்டனில் சத்திரசிகிச்சை பெற்று, பல மாத ஓய்வின் பின்னரே மீண்டும் ஆடினார். அமிர்தகழி வலைஞருக்கு வாய்த்த நோயும் அதுவே. வாய்க்காதது அந்த ஓய்வு. அவர் வலை வீசாத நாளில் வீட்டில் உலை ஏறுவது ஐயம். “ஊசி ஒன்று போட்டால் நாளைக்கே இறங்கலாமா?” என்பதே அவர் கேட்ட முதற் கேள்வி.

இக்கேள்விக்கு ஆய்வுலகம் விடையளித்துள்ளது. அவுஸ்திரேலியாவில் 198 நோயாளரைக் கொண்டு நடத்தப்பெற்று 2006இல் வெளியான ஆய்வொன்றில், ஸ்டீராய்டு ஊசி பெற்றோர் ஆறாவது வாரத்தில் ஏனையோரினும் நலமுற்றிருந்தனர். ஆயின் பின்னர் அவர்களுட் பெரும்பாலோருக்கு வலி மீண்டது. ஆண்டு முடிவில் அவர்களே பின்தங்கினர். இயன்மருத்துவம் பெற்றோர் தொடக்க வாரங்களில், சும்மா காத்திருந்தோரைவிட முன்னேறினர். ஓராண்டு கழிந்தபோதோ, காத்திருந்தோரும் ஏறக்குறைய அவர்களை எட்டிவிட்டனர்.

அவ்வாறாயின் இயன்மருத்துவத்தின் பயன் யாது? ஓராண்டு காத்திருக்க வல்லவனுக்கு அது சிறிதாகத் தோன்றலாம். அன்றாடங் காய்ச்சிக்கோ அத்தொடக்க வாரங்களே வாழ்வு.

அப்பெண் அவருக்கு ஊசியை மறுத்ததோடு நின்றுவிடவில்லை; முழு ஓய்வையும் விதிக்கவில்லை. முன்கையை மேசைமேற் கிடத்தி, உள்ளங்கை கீழ்நோக்க, அரை லீற்றர் நீர் நிறைந்த போத்தலைப் பற்றச் செய்தார். மற்றக் கையின் துணையால் மணிக்கட்டை உயர்த்திப் பின் மிக மெதுவாகத் தாழ்த்துவதே பயிற்சி. தசைநாண் ஓய்வினால் மட்டும் வலுப்பெறுவதில்லை, அளவாகக் கூட்டப்படும் சுமையாலேயே வலுப்பெறும் என்பது இதன் அடிப்படை.

அடுத்த முறை வலையையும் கொண்டுவருமாறு அவர் பணித்தார். வைத்தியசாலை முற்றத்தில் வலைஞர் வலையை இழுத்துக் காட்ட, அவர் கூர்ந்து நோக்கினார். “உள்ளங்கையை மேல பார்க்க வைச்சு, கையை உடம்போட ஒட்டி இழுங்க ஐயா” என்றார். வீசும் தடவைகளைக் குறைக்கவும், இழுவையைச் சில வாரங்களுக்கு மகனிடம் விடவும், முழங்கைக்குச் சற்றுக் கீழே பட்டி அணியவும் உடன்பாடு ஏற்பட்டது.

முதல் மாதம் வருவாய் குன்றியது. பயிற்சியைக் கைவிட அவர் இருமுறை எண்ணியதுமுண்டு. மூன்றாம் மாதத்தில் கோப்பையைத் தூக்கினார். வலையையும் தாமே இழுத்தார். அந்தி வேளையில் சிறு வலி இன்னும் உண்டு.

நோயைக் கண்ட மருத்துவம் பல. நோயாளியின் தொழிலைக் கண்ட மருத்துவமே அவரை மீண்டும் வாவியில் இறக்கியது. உழைப்பவருக்கு ஓய்வை மட்டும் விதித்தல் எளிது. உழைத்துக்கொண்டே குணமாகும் வழியைக் காட்டுதல் அரிது. அவ்வரிய பணியைச் செய்வோர் ஒவ்வொரு வைத்தியசாலையிலும் பெருகுதல் வேண்டும்.